வலப்பக்கத்து முகம்

கைக்கு வரும் எந்த வெண்கலக் காசையும் அப்பா முகம் கீழே போகக் கவிழ்த்துத்தான் வைப்பார். மேலே தீவட்டியும் நாயுமாக எங்கள் ஊர்த் தேவி ஹெகாத்தே தெரிவாள். பதினெட்டு வருடம் பார்த்தேன். பக்தி என்று தெருவில் நினைத்தார்கள்.

அப்பா பெயர் லியோன். ஊர் நாணயப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர். எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஊர்க் காசில் இரண்டு ரோமப் பேரரசர்கள், அண்ணனும் தம்பியும், எதிரெதிரே பார்த்திருந்தார்கள். ரோமில் தாயின் மடியிலேயே தம்பியை அண்ணனின் ஆட்கள் வெட்டிவிட்டதாகச் சேதி வந்தது. பின்னாலேயே ஆணை: தம்பி முகம் எங்கும் இருக்கக்கூடாது. ஊரார் காசுகளைச் சந்தையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்பாவும் அவர் கூட்டாளி மெனிப்போசும் உளியால் அந்த முகத்தைச் செதுக்கி அழித்து ஒரே கூடையில் போட்டார்கள்.

எது தம்பி என்று அப்பா என்னைக் கேட்டார். ஒரு காசில் பெயரைப் படித்துவிட்டு, "இடது இருக்கட்டும், வலத வெட்டுங்கப்பா" என்றேன். வேறு அச்சில் தம்பி இடப்பக்கம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மெனிப்போஸ் என்னைக் கேட்கவில்லை. அண்ணனுக்குத்தான் தாடி. ஒவ்வொரு காசிலும் தாடையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வெட்டினார்.

"காசுக்குச் சவரம் பண்றியாடா?" என்று அப்பா கிண்டல் செய்தார்.

மூன்றாம் நாள் ஒரு சிப்பாய் கூடைக்குள் கைவிட்டு ஒரு காசை எடுத்தான். அதில் உயிரோடிருக்கும் பேரரசனுக்கு முகம் இல்லை. யார் வெட்டியது என்றான். அப்பா தன் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெனிப்போஸ் பதற்றத்தில் சிரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதானே ஐயா. மாறியிருக்கும்."

சிரித்தவன் போதும் சிப்பாய்க்கு. மெனிப்போசின் வலக்கையைப் பட்டறைக்கல்லில் வைத்து, அப்பாவின் சம்மட்டியைக் கேட்டு வாங்கி அடித்தான். விரல்கள் தட்டையாயின. பிறகு உளியை எடுத்து, காசில் செய்ததைப்போலவே, அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை செதுக்கினான். சம்மட்டியை அப்பா திரும்ப வாங்கிக் கழுவி வைத்தார். மெனிப்போஸ் இரண்டு நாள் கிடந்து செத்தார்.

அவர் மனைவி அப்பியா எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"தடவிப் பாக்காம அவரு வெட்டமாட்டாரு அண்ணே. அது யாரு உளி? அத மட்டும் சொல்லிடுங்க."

கவனிக்கவில்லை என்றார் அப்பா. ஒவ்வொரு வருடமும் கணவர் செத்த நாளில் வந்து கேட்டாள். அதே பதில்தான்.

போன மாதம் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வழக்கப்படி அவர் வாயில் ஒரு காசு வைத்தேன். அப்பியா அருகில் நின்றாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராப்பா?"

இல்லை என்றேன். அது பொய் இல்லை. அவர் சொல்லாததை நான் சொல்லலாம். சொன்னால் என் 'வலது' என்ற வார்த்தையும் கூடவே வெளியே வரும். வாயை மூடித் துணியால் தாடையைக் கட்டினோம். அப்பியாதான் முடிச்சுப் போட்டாள்.