மன்னார் அக்காவின் லொவ்

வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று மன்னார் அக்கா தன் விரல்களை முகர்ந்து பார்த்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் ஒரு மீன் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் மீன் வெட்டினோம். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவியும் மணம் போகவில்லை. “நாறினால் நாறட்டும், வா தம்பி” என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊர் மன்னார் என்பதால் எல்லோருக்கும் மன்னார் அக்காதான், யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கணவரைப் போரில் இழந்து, சின்னஞ்சிறு மகளைக் கொழும்பில் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். மகளை அழைக்க விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வேலையில் நிரந்தரமாக எடுப்பதென்றால் சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். வேலை நிலைத்தால்தான் மகள் வந்து இறங்க ஒரு வீடு எடுக்கலாம். ஆனால் முதல் தடவை போனபோது, கவுண்டரில் இருந்த இளைஞன் “தமிழர்களுக்கு நாங்கள் கணக்குத் திறப்பதில்லை” என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா அதை மொழி வகுப்பு ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். இனத்தையும் நிறத்தையும் காட்டி ஒருவருக்குச் சேவை மறுப்பது இந்த நாட்டில் குற்றம், அதற்குப் பாராளுமன்றமே ‘லொவ்’ போட்டிருக்கிறது என்று ஆசிரியை விளக்கினாராம். டெனிஷில் லொவ் என்றால் சட்டம். அனுமதி என்பதற்கும் அதே சொல்தான். மலசலகூடம் போவதற்கு மேற்பார்வையாளரிடம் லொவ் கேட்டுக் கேட்டுப் பழகிய அக்காவுக்கு அனுமதி என்ற பொருள் மட்டுமே தெரியும். ஆகவே, வங்கியில் கணக்குத் திறக்கப் பாராளுமன்றம் தனக்கு அனுமதி தந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டார். எங்களோடு வேலை செய்த தமிழ்ப் பெடியளின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுந்தது. “அக்கா பாங்குக்காரனிட்டை லவ் கேக்கப் போறா” என்று அன்று முழுவதும் ஒரே பகிடி.

மொழிபெயர்க்கவென்று என்னைக் கூட்டிப்போனவர், என்னை வாய் திறக்க விடவில்லை. “நீ கதையாதை, பக்கத்திலை நில்” என்றார். இளைஞன் பழைய பதிலையே சொன்னான். அக்கா இரண்டு கைகளையும் கவுண்டரில் ஊன்றி, “யாய் ஹா லொவ்” என்றார். எனக்கு அனுமதி இருக்கிறது என்று அர்த்தம். இளைஞனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். யார் உனக்கு அனுமதி தந்தது என்று கேட்டான்.

“ஃபோல்கதிங்” என்றார் அக்கா.

டென்மார்க்கின் பாராளுமன்றத்துக்கு அதுதான் பெயர். இளைஞனின் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் இருந்த முகாமையாளர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அக்காவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். கணக்கு அன்றே திறந்தது. தப்பாக விளங்கிக்கொண்ட ஒரு சொல்லை இத்தனை சரியாகச் சொன்ன ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வெளியே வந்து, “அக்கா, நீங்க சட்டமெல்லோ கதைச்சனீங்கள்!” என்று விளக்கினேன். “ஓ, அப்ப ரெண்டும் எனக்கு இருக்கு” என்றார்.

வேலை நிரந்தரமானது. வீடும் கிடைத்தது. மகள்தான் வரவில்லை. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்ததே நீதி அமைச்சர் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது, அதில் அரசாங்கமே கவிழ்ந்தது. “பாங்குக்காரனுக்கு ஃபோல்கதிங் எண்டு சொன்னன். அங்கை இருக்கிறவையே மறிச்சால் ஆரைச் சொல்லுறது?” என்று அக்கா ஒருநாள் மேசையில் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

கடைசியில் மகள் வந்தாள். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். தங்கையின் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்ந்ததில், அவர்கள் அழைப்பது போலவே “பெரியம்மா” என்றாள். அவளுக்கு அம்மா கொழும்பில் இருந்தார். அக்கா அவளுடைய கன்னத்தைத் தடவி, “ஓம் பிள்ளை. பசிக்குதோ?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிய, அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அவள் டெனிஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, கூடப் படித்த பிள்ளைகளைப் பார்த்து, அந்த மொழியில் தாயை எப்படி அழைப்பார்களோ அப்படியே ‘மோர்’ என்று கூப்பிடத் தொடங்கினாள். இன்றைக்கும் அப்படித்தான். நான் போகும்போதெல்லாம் அக்காவைச் சீண்டுவேன். “மோரோ பாலோ தம்பி, என்னைத்தானே கூப்பிடுறாள்” என்பார்.