குறை சொல்லப் போனோம்

மகள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தபோது என் கணவர் பருப்பில் உப்புக் கூடிவிட்டதென்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல்நாள் அதே பருப்பில் உப்புக் குறைந்திருந்தது.

“அப்பா, ஒங்களுக்கு ஒரு வேல வந்திருக்கு,” என்றாள் மகள். “எங்க ஹோட்டல அடுத்த மாசம் தொறக்குறாங்க. அதுக்கு முன்னாடி வேல செய்யிறவங்க வீட்டாளுங்க ஒரு நாள் வந்து தங்கி, சாப்பிட்டுப் பாத்து, என்ன சரியில்லன்னு சொல்லணும். எவ்வளவு குறை சொல்றீங்களோ அவ்வளவுக்கு நல்லம்னு மெனேஜர் சொல்றாரு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தினமும் அனுபவித்துவரும் ஒரு திறமையை ஒரு கம்பெனி தேடிவந்து கேட்கிறது. இவரைவிடப் பொருத்தமான ஆள் கேகாலை மாவட்டம் முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

ஹோட்டல் என்றால் வெகுதூரமில்லை. தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தாலே கூரை தெரியும். அது பழைய ரப்பர் ஸ்டோர். மரத்தில் வெட்டிய பாலை உறையவைத்து, மெசினில் கொடுத்து மெல்லிய தகடாக, சீட்டாக இழுத்து, புகைபோட்டுக் காயவைத்த இடம். அதில் புகைக்காம்பரா என்று ஓர் அறை தனியாக உண்டு. பின்பக்கத்து அடுப்பில் விறகைப் போட்டு எரித்தால் புகையும் சூடும் உள்ளே போகும். கம்புகளில் தொங்கும் சீட்டுகள் நாள்கணக்கில் காயும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் என் கணவர். ஸ்டோர் மூடிய பிறகு மர ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டோர் வௌவால்களுக்கு வீடாகிக் கிடந்தது. அப்புறம் கொழும்புக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து இரண்டு வருஷம் தட்டித் தட்டியே எங்கள் காதைச் செவிடாக்கி, ஹோட்டலாக்கிவிட்டது. தகரம் இருந்த இடமெல்லாம் கண்ணாடி. ஹோட்டல் படிப்புப் படித்திருந்த மகளுக்கு வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது.

நடந்தே போய்விடலாம் என்றேன் நான். விருந்தாளி வாகனத்தில்தான் வந்து இறங்கவேண்டும், வாசல்காரர் கதவு திறந்து பழகவேண்டும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் சந்தியில் நிற்கும் த்ரீவீல்காரரைக் கூப்பிட்டோம். தெரிந்த சிங்கள ஆள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருப்பதால் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

“கொஹெத யன்னே, மிஸ்?” எங்கே பயணம் என்று கேட்டார், எங்கள் சூட்கேசைப் பார்த்துக்கொண்டே.

“ஸ்டோர் எகட்ட,” ஸ்டோருக்கு என்றேன்.

அவர் திரும்பி ஸ்டோரைப் பார்த்தார். பிறகு சூட்கேசைப் பார்த்தார். மிகவும் மரியாதையாக அதை எடுத்து உள்ளே வைத்தார். ஐந்து நிமிஷத்தில் இறங்கியபோது, “சுப கமனக்!” என்று பயணம் சொல்லி அனுப்பினார். கப்பலேறுகிறவர்களுக்குச் சொல்வதுபோல இருந்தது.

வாசலில் ஈரத் துவாய் தந்தார்கள். செம்பருத்தி நிறத்தில் ஏதோ ஒரு பானம் தந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால், நான் காலையில் மடிப்புப் பிடித்துக் கட்டிவிட்ட அதே சேலையில், எங்கள் மகள் கைகூப்பி நின்றாள்.

“வணக்கம் சார். வணக்கம் மேடம். பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?”

இவர் தனக்குப் பின்னால் யாரோ சார் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

“சார், ஒங்க பேரு?”

“என்னா புள்ள, என் பேரு ஒனக்குத் தெரியாதா?”

“சார், ப்ளீஸ்,” என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கத்தில் மெனேஜர் கையில் ஒரு புத்தகத்தோடு நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தார். இவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வரவு டாப்பில் பேர் கூப்பிடும்போது சொல்வதுபோல, அப்பா பெயரும் சேர்த்து உரக்கச் சொன்னார்.

எங்களுக்கு மேல்மாடி அறை. ஒரு கட்டிலில் ஆறு தலையணை. படுப்பதா, தலையணைகளைக் காவல் காப்பதா என்று தெரியவில்லை. கட்டிலுக்கு மேலே ஆளுயரப் படம்: ஒரு பெண் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். ரப்பர் ஸ்டோருக்குள் தேயிலைக்கு என்ன வேலை? குளியலறையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் பார்க்கலாம். நான் முகம் கழுவி வரும்வரை என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தண்டனை வாங்கிய பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் போனார். நான் திரும்பி உட்கார்ந்தேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர்தான் வந்ததாம்.

“எழுதுங்க,” என்று குறை எழுதும் ஃபோமை நீட்டினேன்.

“இல்ல, நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

என் காதையே என்னால் நம்பமுடியவில்லை. வீட்டில் வெந்நீர் ஒரு விரல்சூடு குறைந்தாலே அரைமணி நேரம் பேசுகிற மனிதர் இவர்.

சாயங்காலம் எங்களைப் புகைக்காம்பராவுக்கு அழைத்துப் போனார்கள். இப்போது அதன் பெயர் ஸ்பா. ஆளுக்கு ஒரு வெள்ளை அங்கி. அதைப் போட்டுக்கொண்டு இவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, “பூசைக்குப் போற ஃபாதர் மாதிரி இருக்கீங்க,” என்றேன். ஆவி அறைக்குள் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆயுளில் பாதி அதே சுவருக்கு வெளியே நின்று வியர்த்தவரை இப்போது உள்ளே உட்காரவைத்து வியர்க்கவைக்கிறார்கள், அதுவும் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் கொடுத்து.

என்னை ஒரு சாய்கதிரையில் இருத்தினார்கள். காலைப் பிடித்துவிட வந்தவள் தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கு லயத்துப் பெண். நான் மூக்குத் துடைத்து, அரிசிக்கஞ்சி ஊட்டி, அனா ஆவன்னா எழுதவைத்த பிள்ளை. அவள் பாதத்தைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“வேணாம்மா. நீ போயி சும்மா ஒக்காரு. நான் நல்லா அமுக்குனேன்னு எழுதிருறேன்.”

“ஐயோ டீச்சர், அப்பிடிச் செய்யாதீங்க. எனக்குப் பழகணும். நாளைக்கு வெள்ளக்காரங்க காலப் புடிக்கிறப்ப கை நடுங்கக் கூடாதில்ல.”

“அதுக்கு என் காலா கெடச்சிச்சு?”

“ஒங்க முன்னாடி ஒக்காந்துதானே டீச்சர் நான் எழுதப் பழகுனேன்.”

காலைக் கொடுத்தேன். எண்ணெய் சூடாக இருந்தது. வெடித்த குதிகாலை அவள் முகம் சுளிக்காமல் தேய்த்தாள். கூச்சம் போக ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆவி அறையில் ஆளைக் காணோம் என்று ஒரே சத்தம். மயங்கி விழுந்துவிட்டாரோ என்று ஓடினார்கள். பார்த்தால், அங்கியோடு பின்பக்கம் போய், பழைய அடுப்பு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அங்கே ஆவி போடும் ஒரு கரண்டுப் பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்தார்.

“என்னங்க தேடுனீங்க?”

“விறகு எங்க அடுக்கியிருக்காங்கன்னு பாத்தேன்,” என்றார்.

ராச்சாப்பாட்டுக்கு ‘தோட்டத்து ரொட்டியும் கட்டச்சம்பலும்’ வைத்தார்கள். ரொட்டி ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. தேங்காய்ப்பூ சேர்த்த அடையாளமே இல்லை. மிளகாய் இடித்த அந்தச் சம்பலை ஒரு சொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு பூவும் வைத்திருந்தார்கள். நான் ஃபோமை எடுத்து எழுதத் தொடங்கினேன். ரொட்டி, சம்பல், பச்சைத்தண்ணீர், கண்ணாடிச் சுவர், தேயிலைப் படம், ஆறு தலையணை. ஒரு பக்கம் போதவில்லை; இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன். குறை சொல்வது இவ்வளவு ருசியான காரியம் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எதிரில் இவர் பன்னிரண்டாவது ரொட்டியை விழுங்கிவிட்டு, பரிமாறிய தம்பியிடம், “பொஹோம ரசய்,” என்று சிங்களத்தில் பாராட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் ருசி என்ற சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதைக் கேட்க இன்னொரு பாஷை தேவைப்பட்டிருக்கிறது.

விடிந்ததும் அறைக்கு வெளியே இருந்த சின்ன வராந்தாவில் தேநீர் குடித்தோம். கீழே ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி நின்றது. அவருடைய ஃபோம் மேசைமேல் வெறுமையாகக் கிடந்தது.

“ஒண்ணுகூட எழுதலையே. ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இங்க எதக் கொறை சொன்னாலும் அது யாராவது ஒரு புள்ள தலையில போயி விழும். ரொட்டின்னா குசினிப் புள்ள. தண்ணின்னா ரூம் புள்ள. நம்ம புள்ளயும் இங்கதானே நிக்கிது. நான் எப்பிடிச் சொல்றது?”

நான் எழுதிய இரண்டு தாளையும் பார்த்தேன். சாப்பாட்டைப் பற்றி எழுதியதில் பாதியை அழித்தேன். கண்ணாடிச் சுவரை அழிக்கவில்லை. அதைக் கட்டியவர் கொழும்பில் பத்திரமாக இருக்கிறார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெனேஜர் எல்லாக் குடும்பங்களையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார். பலரும் நல்லது என்றார்கள். நான் படத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேசினேன். கடைசியில், யாரும் எதிர்பாராமல், இவர் எழுந்தார். மகளின் முகம் வெளிறிப்போனது.

சிங்களத்தில், நிதானமாகச் சொன்னார்: “உங்கள் பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. கட்டடத்தில்தான் ஒன்று. புகைக்காம்பராக் கூரையில் நான்கு சின்ன ஜன்னல் இருந்தது. அடைத்துப் பூசிவிட்டீர்கள். ஈரம் போக வழியில்லை. மழைக்காலம் வந்தால் சீலிங் அழும்.”

கட்டட வேலையைப் பார்த்த இளைஞர் ஒருவர் புன்னகைத்தார். அதற்கெல்லாம் மெசின் வைத்திருக்கிறோம், அங்கிள் என்றார். இவரும் சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

ஹோட்டல் திறந்தது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மழையும் வந்தது, எங்கள் கரவனெல்லப் பக்கத்து மழைக்கு மெசினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். ஆவி அறைக்கு வெளியே படுத்திருந்த ஒரு ஜெர்மன்காரம்மாவின் வயிற்றில் சீலிங் பூச்சு ஒரு துண்டு விழுந்துவிட்டதாம். அடி ஒன்றும் இல்லை. அந்த அம்மா அதையும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமலே கிடந்ததாம். “மெனேஜர் அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. வேன் அனுப்புறோம்.”

இவர் வேனில் ஏறவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். ஏணியில் ஏறி, பூச்சின்மேல் கரித்துண்டால் நான்கு சதுரம் கீறிக் காட்டினாராம். அடுத்த வாரம் நான்கையும் வெட்டித் திறந்தார்கள். அந்த இளைஞர் பக்கத்தில் நின்று, எந்தக் காற்றுக்கு எந்த ஜன்னலைச் சாத்துவது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாராம். தேயிலைப் படத்தைக் கழற்றவில்லை. வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு ஒரு திரை போட்டார்கள்; அது என்னால் வந்தது என்பதை நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ஜன்னல் திறந்த மறுநாள் காலை, கூரைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பி ரப்பர் மரங்களுக்கு மேல் போனது. மேல் லயத்திலிருந்து ஒரு அண்ணன், முன்பு மெசினில் சீட் இழுத்தவர், அரைகுறையாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

“என்னாப்பா, ஸ்டோர மறுபடி தொறந்துட்டாங்களா? பொகை வருதே! ஆளு எடுக்குறாங்களா?”

என் கணவர் கூரையை ஒருமுறை பார்த்தார்.

“இல்லண்ணே,” என்றார். “வெள்ளக்காரங்க குளிக்கிறாங்க.”