சிவக்காத புள்ளி

தோலியூ நகரத்துச் சந்தைக்குப் பின்தெருவில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் ஸியோயுனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் மகளையே தொலைத்தாள். நெதர்லாந்துக்குப் படிக்கப் போகிறேன் என்று பெய்ஜுன் வந்து நின்றபோது, "போறதுன்னா போ, திரும்பி வந்துராத" என்று சொல்லித் தொலைத்தாள். பெண்ணும் தாய்க்குத் தப்பாமல் பிறந்தவள். போனவள் போனவள்தான். புத்தாண்டுக்கு ஒரு வரி வாழ்த்து வரும், அவ்வளவே.

போகுமுன் அவள் சுவரில் மாட்டிவிட்டுப் போனது, காற்றின் தூசியை அளக்கும் ஒரு சின்னக் கருவி. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று எவரோ பொதுவில் போட்டிருந்த செய்முறையைப் பார்த்து அவளே செய்தது. ஊர் ஊராக வீடுகளில் தொங்கும் இந்தக் கருவிகள் அனுப்பும் அளவுகள், உலகமே பார்க்கக்கூடிய ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். நல்ல காற்று பச்சை, கெட்டது சிவப்பு. அவசரத்தில் சமையல்கட்டுப் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தாள். ஸியோயுன் தினமும் அதைத் துடைப்பாள். மகள் அடித்த ஆணி அல்லவா!

ஒருநாள் வெய்லுன் வந்தான். சம்பளமில்லாமல் இந்தக் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் கூட்டத்தில் ஒருவன்.

"அக்கா, தெனம் விடியக்காலைல உங்க புள்ளி மட்டும் செவக்குது. தீப்பிடிச்சிருச்சோன்னு பதறிட்டோம். பாத்தா உங்க முட்டை ரொட்டி!"

"என் ரொட்டி மேல கண்ணு வைக்காத. நல்லாத்தானே தின்ற?"

"தின்னுட்டுத்தான் சொல்றேன். எந்தெந்த ஊர்ல கொழந்தைங்களுக்கு மூச்சிழுப்பு ஜாஸ்தின்னு இந்தக் கணக்க வச்சுத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. உங்க எண்ணெய்ப் புகை அதைக் கெடுக்குது. மொட்டை மாடிக்கு மாத்திருவோம்."

ஸியோயுன் முடியாது என்று சில நாள் முரண்டு பிடித்தாள். அப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமுகிற சத்தம் பொறுக்காமல், தானே கருவியைக் கழற்றி மாடியில் மாட்டினாள். ஆணியைப் பிடுங்க மட்டும் மனசு வரவில்லை.

மறுநாள் காலை கல்லில் மாவை ஊற்றியிருந்தாள். கைப்பேசி அடித்தது.

"அம்மா! கடை தொறக்கலையா? உடம்புக்கு என்ன?" நெதர்லாந்திலிருந்து பெய்ஜுன்.

"எனக்கென்ன கேடு? கல்லு முன்னாடிதான் நிக்கிறேன். யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. புள்ளி செவக்கல."

ஸியோயுன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெனமும் பாப்பியா?"

"இங்க அப்போ ராத்திரி. அது செவந்தாத்தான், நீ அடுப்பு பத்த வச்சுட்டேன்னு நிம்மதியாத் தூங்குவேன்."

"போன்ல ரெண்டு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிருவ?"

"நீதானம்மா வராதேன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்டி. அதையெல்லாமா கேப்பாங்க?"

கல்லில் ரொட்டி கருகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தக் கருவி அங்கேயும் செய்யலாமா?"

"எங்கேயும் செய்யலாம். எதுக்கு?"

"உன் அடுப்பு மேல ஒண்ணு மாட்டு. ஆராய்ச்சிக்கு இல்லைன்னு எழுதிப் போட்டுரு."

"நான் எங்கம்மா சமைக்கிறேன்? ரெண்டு ரொட்டித் துண்டு வாட்டுறதோட சரி."

"அதையாச்சும் கொஞ்சம் கருக விடுடி. நானும் பாக்கணும்ல."