வெள்ளை டேப்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, விரல்களில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்புகள். கூட்ஸ் வண்டி போனால் மேசை அதிரும். அது கடக்கும்வரை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என் லேப்டாப்பில் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம்: ஒரு விண்டோஸ், இரண்டு லினக்ஸ். மூன்றையும் நானே போட்டேன் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். நாலாவதாக ஒன்றைப் போடப்போய், இப்போது எதுவுமே திறக்கவில்லை. அதையும் அக்காவிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் மூடியில் வெள்ளை டேப் ஒன்றை ஒட்டிப் பேனாவை எடுத்தார். "அழிஞ்சா பேஜாராயிடும்னு உள்ள எதுனா கீதா? சொல்லு, எழுதிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து கூட்ஸ் வண்டி வந்தது. அக்கா கைகளைத் தூக்கினார். கடைசிப் பெட்டி போகும்வரை யோசித்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."

"மூணு கீதுன்னியே, அத்த வச்சி இன்னாதான் பண்ணிகினு இருந்தே?"

"நாலாவத எப்படிப் போடுறதுன்னு பாத்துகினு இருந்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

லேப்டாப் ஒரே விண்டோஸோடு திரும்பி வந்தது. அந்த டேப்பை நான் இன்னும் பிய்க்கவில்லை. அதில் எழுத இதுவரை ஒன்றும் கிடைக்கவும் இல்லை.