மலிவக்கா

அந்தத் துணிக்கடையில் மாடி ஏற ஏற விலையும் ஏறும். உச்சி மாடியில் மெத்தை வைத்த நாற்காலிகள், ஏசி, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்பதற்கென்றே ஓர் ஆள். படியிறங்கிப் போகிற கீழ்த்தளத்தில் வெட்டுத்துணி, துண்டு, படுக்கை விரிப்பு, ஓரம் மங்கிய திரைச்சீலை. அங்கேதான் மலிவக்கா நின்றாள். பக்கத்து அலமாரியில் துண்டு மடித்து அடுக்குவது என் வேலை.

கடையில் நாங்கள் வைத்த பெயர்தான் மலிவக்கா. வந்தவர்களிடம் அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. “கட்டுப்படியாகும்”, “கைக்கு அடக்கமா இருக்கும்” என்பாள். “மலிவுன்னு சொன்னா துணி ஒரு படி இறங்கிடும். வாங்கறவங்க ரெண்டு படி இறங்கிடுவாங்க” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கீழே வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். கடைசிப் படியில் நின்று, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் அக்கா ஸ்டூலைத் துண்டால் ஒரு தட்டு தட்டி இழுத்துப் போட்டுவிடுவாள். “வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மூச்சு வாங்கிக்கங்க. துணி எங்கயும் ஓடிடாது.” அவ்வளவுதான், வந்தவர்களுக்குத் தோள் இறங்கிவிடும். தள்ளுபடி நாளில் துண்டுக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்து, “சும்மா கெடைச்சா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு” என்று என் காதோரம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தக் கூட்டத்திலும் கைக்குழந்தைக்காரிக்கு ஸ்டூல் போகும்.

விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. அது கடைச் சட்டம். ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். மேலே கேமரா இருந்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றுவோம். அலமாரி மூலையில் இடுப்பைச் சாய்ப்போம். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

அக்காவின் புருஷன் காய்ச்சலில் போனபோது மகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. ஒற்றை அறை வீடு, நாள் முழுக்க நிற்கிற வேலை, இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தாள். பெண்ணும் படித்து ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். அங்கேயே கூட வேலை செய்த ஒரு பையனுக்கு அவளைப் பிடித்துப்போனது. பையன் வீட்டில் வசதி. அவன் அம்மா எங்கள் கடைக்கே வருகிறவர்தான், ஆனால் உச்சி மாடிக்கு. கீழ்த்தளம் என்று ஒன்று இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் எளிமையாக முடிந்தது. அக்கம்பக்கத்தில், “பரவாயில்லயே, சல்லிசா முடிச்சுட்டியே” என்றார்கள். அக்கா சிரித்துவைத்தாள். சம்பந்தியம்மாவும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நாங்க ஒரு துரும்பு கூடக் கேக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமைக்குத்தான் சொன்னார். அக்காவுக்குத்தான் ஒவ்வொரு முறையும் எங்கேயோ சுருக்கென்றது.

“என் பொண்ணு அவ்வளவு மலிவா?” என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலே கேட்டாள்.

“அப்படி யாருக்கா சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான்.”

மகளைப் பார்க்க விடுமுறை நாட்களில் போவாள். சம்பந்தியம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாதவர். கதவைத் திறப்பார், “வாங்க” என்பார். அத்தோடு சரி. கண் டிவியில் இருக்கும். உட்காருங்க என்ற அடுத்த வார்த்தை வராது. அக்கா கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியின் நுனியில் உட்காருவாள். சோபா காலியாகவே கிடக்கும்.

“வான்னு சொல்றதுலயும் ரகம் இருக்குடி” என்பாள் என்னிடம். “வாய்ல இருந்து வர்றது ஒண்ணு. வயித்துல இருந்து வர்றது ஒண்ணு. நான் நாள் பூரா அதையே சொல்லிப் பொழைக்கறவ. எனக்குத் தெரியாதா?”

போவது குறைந்தது. மாதம் ஒருமுறை ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை.

இதற்கிடையே அவள் காலில் நரம்புகள் புழுப் போலச் சுருண்டு எழும்பின. சர்க்கரை வேறு இருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து, ஆறுவது போல ஆறி, மறுபடி உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டே விட்டாள்.

“சார், ஆள் இல்லாத நேரத்துல மட்டும் ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே.”

அவர் அவள் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசினார். “நீங்க உக்காந்தா நாளைக்கு எல்லாரும் உக்காருவாங்க. எடம் குடுத்தா மடம் புடுங்கற கதைதான். வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க, சொல்லுங்க?”

அக்கா தலையாட்டிவிட்டு வந்து விரிப்புகளை மடித்தாள். அன்று சாயங்காலம், விரித்த விரிப்பைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி நிற்கிற வேலை கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை அத்தோடு போயிற்று.

மகள் வந்து அழைத்துப் போனாள். “உக்காந்து தின்னா மலையும் கரையும்னு சொல்வாங்க. உங்க வீட்டு மலையை நான் வந்து கரைக்கணுமா?” என்று அக்கா தட்டிக்கழிக்கப் பார்த்தாள். மகள் விடவில்லை.

போன இடத்தில் அவளால் உட்கார முடியவில்லை. இதை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாராவது அறைக்குள் வந்தால் கால் தானாக எழுந்துவிடும். சம்பந்தியம்மா தண்ணீர் குடிக்க வந்தாலும் எழுந்து நிற்பாள். மருமகன் செய்தித்தாளைத் தேடி வந்தாலும் எழுந்து நிற்பாள். “உக்காரும்மா, இது கடையில்ல” என்று மகள் தோளைப் பிடித்து அழுத்துவாள். சம்பந்தியம்மாவும், “நீங்க இப்படி எழுந்து எழுந்து நிக்கறதப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், சம்பந்தியம்மாவின் அண்ணன் குடும்பம். சோபா நிறைந்துவிட்டது. “நீங்க உள்ள போய்க் காலை நீட்டி உக்காருங்களேன், இங்க எடம் பத்தாது” என்றார் சம்பந்தியம்மா. அக்கா உள்ளே போனாள். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் சமையலறையில் தனியாகத் திணறுவது தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. தண்ணீர்த் தம்ளர்களைத் தட்டில் வைத்து அவளே எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பழக்கம், வாயும் சும்மா இருக்கவில்லை. “வாங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகக் கொடுத்தாள்.

அண்ணன் மனைவி தம்ளரை வாங்கிக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தார். “பரவாயில்லயே, வீட்டு வேலைக்கு ஆள் கெடைச்சாச்சா? நல்லா மரியாதையா பேசறாங்களே. எங்களுக்கும் இப்படி சல்லிசா ஒருத்தர் கெடைச்சா சொல்லுங்க.”

சம்பந்தியம்மா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. “இந்தக் காலத்துல ஆள் கெடைக்கறது எங்க” என்று பேச்சை வேறு பக்கம் திருப்பினார். மருமகன் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. மகள் பின்னாலேயே காபித் தட்டோடு நின்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா பையை எடுத்துக்கொண்டாள். “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான். நான் அதுக்கு மேலயே இருந்துட்டேன்” என்று சம்பந்தியம்மாவிடம் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மகள் தெருமுனை வரைக்கும் வந்து அழுதாள்.

“அம்மா, நான் வாயத் தொறந்திருக்கணும்.”

“தொறந்து? அவங்க கெளம்பிப் போனதும் உனக்கு நாலு பேச்சு கெடைச்சிருக்கும். அந்த வீட்டுல உனக்குன்னு ஒரு எடம் இருக்குல்ல, அதுல நல்லா உக்காந்துக்க. என்னால நீ எழுந்திருக்க வேண்டாம். போ, ஆபீஸுக்கு நேரமாச்சு.”

திரும்பவும் அந்த ஒற்றை அறை. புண்ணைச் சரியாகக் கவனிக்கவில்லை. நானும் மற்ற பெண்களும் முறை வைத்துப் போய்ப் பார்த்தோம், சமைத்ததைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் மருந்து போடச் சொன்னால், “ஆறுறது ஆறட்டும்” என்பாள். ஆறவில்லை. பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து நான் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

“இனிமே யாரும் என்னை நிக்க வைக்க முடியாதுடி” என்றாள். அவளே சிரித்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். மருமகனும் சில நாள் கூட வந்தான். அவன் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி அந்த அறையில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவனுக்கு யார் சொன்னார்கள், அவன் வீட்டில் என்ன பேசினான், எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா வரவில்லை. பழங்கள் மட்டும் கொடுத்தனுப்பினார். அக்கா அவற்றை வீட்டுச் சொந்தக்காரரின் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் நான் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மகள் அலுத்துப்போய் அம்மாவின் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லை. அக்கா சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஓர் அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். நான் கொண்டுபோன பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, கதவைப் பழையபடி சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.