ஃபொசிக் என்ற சொல்லும் என் தங்கச்சியும்

நியூசிலாந்தில், ஒடாஹுஹுவில், எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். என் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை காலையில் வேலிக்கு மேலால் தலையைக் காட்டி, கையால் கிளறுவதுபோலச் செய்து, "ஃபொசிக்?" என்று கேட்பார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவருடைய ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான்.

பழைய சாமான் கடையில் இருவரும் பெட்டி பெட்டியாகக் கிளறுவோம். கம்பளி நூல் பந்து, பிடி உடைந்த கிண்ணம், யாருடைய சட்டையிலிருந்தோ கழன்ற தெறிகள். வாங்குவது குறைவு. கனவில் ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு வருமே, அப்படி ஒரு பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருப்போம். வெளியே வரும்போது வெயில் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

சொல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "மாமி எங்கை?" என்று மருமகன் கேட்டால், "பொசிக்கப் போட்டா" என்பாள் மகள். நான் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினால், "பொசிச்சது போதும் அம்மா, அது உங்கட தலையில இருக்கு" என்பாள்.

அந்த வருடம்தான் சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. என் தங்கச்சியும் அதற்குள் போனாள். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. எந்தப் பக்கம் போனாள், இருக்கிறாளா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். பூசை முடிய, ஆட்கள் கூடிநின்று ஊர்ச்செய்தி கதைப்பார்கள். நான் செருப்புகள் கிடக்கும் இடத்தில் ஒதுங்கி நின்று காதுகொடுப்பேன். தங்கச்சியைப் பற்றி யாராவது தாமாகச் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருப்பேன். வாய் திறந்து கேட்க வராது. பஸ்ஸில் என் இடம் வந்தாலும் மணியடிக்கக் கூச்சப்பட்டு, யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி, திரும்பி நடந்து வருகிறவள் நான்.

"சித்தியை நான் சின்னனில பாத்தது. நான் என்னெண்டு விசாரிக்கிறது? நீங்கள்தான் கேக்கோணும்" என்றாள் மகள்.

"நாளைக்குக் கேக்கிறன்."

"போன கிழமையும் நாளைக்குத்தான்."

நான் கடைக்குப் போவதையும் விட்டேன். என்னைக் காணாமல் பக்கத்து வீட்டு அம்மா வந்து சமையலறையில் இருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தேநீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். பிறகு அந்தச் சொல்லைப் பற்றித்தான் கதைத்தார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அவருடைய தாத்தாவின் தகப்பன் இங்கிலாந்தின் மேற்கு மூலையிலிருந்து பொன் தோண்ட இந்த நாட்டுக் கோரமண்டல் மலைப்பக்கம் வந்தவராம். அங்கே ஃபொசிக் என்றால், மற்றவர்கள் தோண்டிவிட்டுப் போன மண்ணைத் திரும்பக் கிளறி, விடுபட்ட பொன்னை எடுப்பது. பொன் முடிந்த பிறகு கைப்பைக்குள் சாவி தேடுவதும் ஃபொசிக் ஆகிவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தி, அந்த மனிதர் புறப்பட்டு வந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மண்ணும் இல்லை, பொன்னும் இல்லை. வேண்டியது கிடைக்கும்வரை ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு போவதுதான் ஃபொசிக். "எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவர் என் கையைத் தட்டினார்.

"அப்ப அம்மா இவ்வளவு நாளும் கிளறுற பாதியை மட்டும்தான் பொசிச்சிருக்கிறா" என்றாள் மகள்.

அந்தச் சொல்லும் எங்களைப்போலத்தான் ஊர் விட்டு ஊர் வந்து, வந்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளி, மண்டபத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய்த் தங்கச்சியின் பெயரைச் சொன்னேன்.

"பேரை விடுங்கோ அக்கா. அந்தப் பேரில ஊரெல்லாம் ஆக்கள் இருக்கினம். ஆளைச் சொல்லுங்கோ."

ஆளை எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் தன்னுடைய பித்தளை மூக்குப்பேணியில் ஊற்றித்தான் குடிப்பாள். அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டே திரிவாள். சிரித்தால் விக்கல் வரும். சொல்லச் சொல்ல அவள் அந்த விளக்கடியில் வந்து இருப்பதுபோலிருந்தது.

அந்தப் பெண் டொரோண்டோவில் ஒரு உறவுக்காரரின் தொலைபேசி இலக்கம் தந்தாள். டொரோண்டோ லண்டனைக் காட்டியது. நான் காலையில் கதைக்கும்போது டொரோண்டோவில் இன்னும் நேற்று. என் குரல் போய், ஒரு மூச்சுக் கழித்து எனக்கே திரும்பி வரும். யாரோ கூச்சமில்லாத கிழவி கடலுக்கடியிலிருந்து விசாரிப்பதுபோல இருக்கும். அவளுக்குக் காதுகொடுத்துக்கொண்டே நானும் கேட்டேன்.

லண்டன்காரர் கொழும்பில் ஒரு லாட்ஜைச் சொன்னார். இடம்பெயர்ந்த சனம் ஒதுங்கியிருந்த வன்னியிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்களாம். லாட்ஜ்காரர், "கிழமைக்கு ஒருக்கா எடுங்கோ அம்மா, வாற ஆக்களைக் கேட்டுப் பாக்கிறன்" என்றார். கிழமை தவறாமல் எடுத்தேன். ஒரு பின்னேரம் அவர், "இந்தா, ஆளோட கதையுங்கோ" என்று ஒரு லொறி டிரைவரிடம் கொடுத்தார்.

"மூக்குப்பேணி அம்மாவோ? கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறா."

"சுகமா இருக்கிறாவோ?"

"ஓம், ஓம். ஆனா ஆக்களை இருக்க விடமாட்டா. போற வாற எல்லாரிட்டையும் 'நியூசிலாந்துக்கு ஆர் போறியள், நியூசிலாந்துக்கு ஆர் போறியள்' எண்டு கேட்டபடி. லொறியில போகேலாது அம்மா எண்டு நானே சொன்னனான்."

சிரித்தேன். 

"நான் திங்கக்கிழமை திரும்பிப் போறன். என்ன சொல்ல?"

 ஜன்னலுக்கு வெளியே வெயிலோடு சேர்ந்து தூறிக்கொண்டிருந்தது. மகள் வாசலில் நின்று மழையைக் கையால் காட்டினாள்.

"இங்க மழை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"மழையோ?"

"ஓம், மழை. அக்காவும் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவ எண்டு சொல்லுங்கோ."