போக பன்னிரண்டு, வர முப்பது

என் தங்கை விமான டிக்கெட் விற்கும் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். இரண்டாவது மாடி, ஜன்னலை ஒட்டிய மேஜை. ஒரே விமானம், ஒரே இருக்கைதான். ஆனால் இந்த நாட்டில் விற்றால் ஒரு விலை, அந்த நாட்டில் விற்றால் இன்னொரு விலை. எதை எங்கே வாங்கினால் மலிவு என்பது அவளுக்கு விரல் நுனியில். தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை; அவள் முதலாளியே அவளைக் கேட்டுத்தான் விலை சொல்வார்.

அன்று அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் தெருப் பூட்டுக்காரர் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளுக்கு இது பிரசவ மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. துணைக்கு இவர் போயே ஆகவேண்டும். இங்கத்திய விலையைக் கேட்டதும் மனிதர் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்கண்ணே. இதே டிக்கெட் அங்க வித்தா பாதி விலை" என்றாள் தங்கை.

அந்த நாட்டுக் கிளையில் வேலை பார்க்கும், அவள் 'நெட்டை' என்று கூப்பிடும் பையனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'போக பன்னிரண்டு, வர முப்பது.' கால் மணி நேரத்தில் டிக்கெட் வந்தது. பூட்டுக்காரர் சாவித் துவாரத்தைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, பன்னிரண்டாம் தேதி நான் பொண்ணு ஊர்லேர்ந்து கிளம்புறேன்னு போட்டிருக்கே. நான் இன்னும் அங்க போகவே இல்லையே?"

 தங்கை நெட்டையைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், என்ன பண்ணி வச்சிருக்க? அவர் அங்கதானே போறாரு!"

"எனக்கு இது இங்கம்மா! இங்கேர்ந்து கிளம்பினாத்தான் போறது, இங்க இறங்கினாத்தான் வர்றது!"

அவன் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

"சரி, ரத்து பண்ணிடறேன்" என்றான்.

"தொடாதே! இங்கேர்ந்து அங்க போற மாதிரி மாத்தி எடுக்க சீட் இருக்கா பாரு."

"இந்த விலைக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"முதல்ல அதைப் பிடி. அப்புறம் பழசை விடு. இன்னிக்கே விட்டா பிடித்தம் கிடையாது."

நானாக இருந்தால் பழசைத்தான் முதலில் விட்டிருப்பேன். பூட்டுக்காரர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"கிடைச்சிருச்சு!" என்றான் நெட்டை.

பன்னிரண்டாம் தேதி பூட்டுக்காரர் கிளம்பினார். பதினைந்தாம் தேதி காலையில் தங்கைக்குப் போன் வந்தது.

"நல்லபடியா வந்துட்டேம்மா!"

"அண்ணே, வந்துட்டேன்னா... எங்க?"

"இங்கதாம்மா!"

தங்கை அவசரமாக டிக்கெட் நகலைத் தேடினாள். அதற்குள் போனில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.